மணி மட்டும் உள்ளே வந்தது

ஜூலை 8, திங்கள்

செம்புக் கம்பியை இன்று அறுத்துவிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் வீட்டுக் கம்பி. அதற்குப் பதிலாக வாசலிலிருந்து ஒரு மெல்லிய கண்ணாடி இழை வருகிறது. அது டிவிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் போகிறது. பெட்டிக்குப் பெயர் ரவுட்டர். என் பழைய போனின் வயரை அதன் முதுகில் செருகிவிட்டார் துரைராசு. தாராபுரத்துக்கே டிவி கேபிள் இழுத்தவர், இப்போது இந்த வேலை.

"ஏனுங்க ஆப்பரேட்டரம்மா, இனி போனு இந்தப் பொட்டிக்குள்ள இருந்துதானுங்க பேசும். நாலு பச்சை லைட்டும் எரியோணும். அவ்வளவுதானுங்க."

"நம்பர் அதேதானே?"

"அதேதானுங்க."

மூன்று முறை கேட்டேன். என்னிடம் செல்போன் இல்லை. அதில் வரும் குரல் என் காதுக்கு ஒத்துவரவில்லை. இந்த நம்பர்தான் எனக்கு எல்லாம்.

அவர் போய் அரை மணி நேரத்தில் நாலாவது விளக்கு அணைந்தது. போன் படம் போட்ட விளக்கு. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் இல்லை, கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி இருந்தது.

சம்மனும் இன்றுதான் வந்தது. 23ஆம் தேதி, பத்தரை மணி. கையெழுத்துப் போட்டு வாங்கி, அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன்.


ஜூலை 9, செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பூங்கோதையின் செல்போனில் கம்பெனிக்குப் பேசினேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, கோளாறுக்கு மூன்றை அழுத்து என்று பத்து நிமிஷம். பிறகு பாட்டுப் போட்டார்கள். நான் ஆபரேட்டராக இருந்த காலத்தில் இப்படி ஒருவரைக் காக்க வைத்திருந்தால் சூப்பர்வைசர் தோலை உரித்திருப்பார்.

துரைராசு மூலனூர் பக்கம் போயிருக்கிறார், காற்றில் மரம் விழுந்து கேபிள் எல்லாம் அறுந்து கிடக்கிறதாம். நானே இறங்கினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். ஸ்விட்சை அணைத்து, நூறு எண்ணி, போட்டேன். அப்புறம் பெட்டியின் பின்னால் ஓர் ஊசித்துளை கண்ணில் பட்டது. ஹேர்பின்னை விட்டு அழுத்திப் பிடித்தேன். எல்லா விளக்கும் அணைந்து ஒவ்வொன்றாக எரிந்தன. நாலாவதும் எரிந்தது! டயல் டோன் வந்தது!

கோவையிலிருக்கும் வத்சலா அக்காவைக் கூப்பிட்டேன். கணீரென்று கேட்டது. அவள் தும்மியதுகூடக் கேட்டது. அறுபத்தாறு வயதில் ஒரு ரவுட்டரை ஹேர்பின்னால் சரிசெய்தவள் இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. எடுத்தேன். "ஹலோ" என்றேன். பேச்சில்லை. "யாருங்க? சத்தமாப் பேசுங்க." பேச்சில்லை. ஒரு நிமிஷம் பிடித்திருந்துவிட்டு வைத்தேன்.

ராங் நம்பராக இருக்கும்.


ஜூலை 10, புதன்

அதே ஒன்றேகால். அதே மௌனம்.

லைன் செத்துப்போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கரகரக்கும், அல்லது டொக்கென்று அறுந்துவிடும். இது அப்படி இல்லை. லைன் அறுபடாமல் நின்றுகொண்டே இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் இது: போகிற குரலும் வருகிற குரலும் ஒரே ஜோடிக் கம்பியில்தான், கம்பி போனால் இரண்டும் போகும், இருந்தால் இரண்டும் இருக்கும். அப்படியானால் அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறான். நான் பேசுவதைக் கேட்கிறான். மூச்சுச் சத்தம்கூட வராமல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

யார் என்று எனக்குத் தெரியும். எழுதவே கை கூசுகிறது.

போன வருஷம் பிப்ரவரி. கேட்டுக்கு அருகே கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி, ஸ்கூட்டியில் போன பெண்ணைக் கேட்டுக்கு எதிரிலேயே அடித்தது. மேகலா, நர்சிங் படிக்கிறவள், பத்தொன்பது வயது. லாரியிலிருந்து குதித்து ஓடியவன் கல் உடைக்கும் கிரஷர் முதலாளியின் மகன் தீபன். நேருக்கு நேர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினான். மறுநாள் போலீசில் போய் நின்றது அவர்கள் டிரைவர். ஓட்டியது டிரைவர் இல்லை என்று சொன்னது நான் ஒருத்தி. நான் சொன்னதால்தான் தீபன் பெயர் கேசில் இருக்கிறது. 23ஆம் தேதி கோர்ட்டில் கூண்டில் ஏறி அதைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நினைவு இருந்தது. "அப்பாவுக்குப் போன் போடுங்க" என்று நம்பரைச் சொன்னாள். உள்ளே ஓடிப் போட்டேன். அவர் பெயர் மாரப்பன், வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொல்லிவிட்டு ரிசீவரை, கேட்டைப் பார்த்த ஜன்னலோர மேஜைமேல் போட்டுவிட்டுத் திரும்ப ஓடினேன். லைனைத் திறந்துபோட்டுவிட்டு ஆபரேட்டர் எழுந்து போகக் கூடாது. அன்று போனேன். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். என்னென்னவோ சொன்னேன், ஒன்றும் நினைவில்லை. ஆம்புலன்ஸ் வருமுன்...

இன்று இது போதும்.


ஜூலை 11, வியாழன்

வந்தது. எடுத்தேன். வைத்தேன். சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.


ஜூலை 12, வெள்ளி

இன்று நான் விடவில்லை. பயந்தவளைத்தானே மேலும் மேலும் மிரட்டுவார்கள்? மணி அடித்தவுடன் எடுத்து நறுக்கென்று கேட்டேன்:

"தினமும் போன் பண்ணி வாயத் தொறக்காம நிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா? உனக்குன்னு ஒரு பொட்டப்புள்ள இருந்து, அது நடுரோட்டுல கெடந்திருந்தாத் தெரியும் உனக்கு!"

எதிர்ப்பக்கத்தில் உடனே வைத்துவிட்டான். டொக்.

உறைத்திருக்கிறது. நன்றாக உறைக்கட்டும். ஆனால் உடனே எழுந்து போய் வாசல் கேட்டைப் பூட்டினேன். முன்கதவைப் பகலிலேயே தாழிட்டு வைத்திருக்கிறேன்.


ஜூலை 13, சனி

வரவில்லை. ஒன்றேகாலிலிருந்து இரண்டரை வரை போனுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.


ஜூலை 15, திங்கள்

கிரஷர் மேனேஜர் செங்கோடன் வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், கையில் ஒரு பை சாத்துக்குடி. நான் கேட்டைத் திறக்கவில்லை, கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"என்னுங்கம்மா, காத்து இந்தப் போடு போடுது. தனியா இருக்கறீங்க. வேப்பமரம் வேற ஓட்டுமேல சாஞ்சு நிக்குது. ஒண்ணு ஆச்சுன்னா தூக்கிவிட ஆளு வேணுமில்லீங்களா?"

"மரத்தை நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குங்க. கோர்ட்டு வாசப்படி வேற ஒசரமுங்க. இந்த வயசுல ஏறி எறங்கறதெல்லாம் எதுக்குங்கறேன்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அதுக்குத்தான் தெனமும் மத்தியானம் போன் பண்ணிப் பேசாம நிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ஒரு நொடி முழித்தான். பிறகு மெல்லச் சிரித்தான். "ஆமாங்க. பண்ணுனா எடுங்க" என்றான். பையைக் கேட்டுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனான்.

பாருங்கள், எப்படி முழித்தான்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் யோசித்தேன். ஒளிக்கக்கூட அவசியம் இல்லாதவனை நான் என்ன செய்துவிட முடியும்?

சாத்துக்குடியைப் பூங்கோதைக்கும் கொடுக்கவில்லை, எறியவும் மனம் வரவில்லை. கேட்டிலேயே தொங்குகிறது.


ஜூலை 16, செவ்வாய்

இன்று மறுபடியும் வந்தது. எடுத்தேன்.

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

"இங்க பாருங்க. நான் எதையும் பாக்கலை. அன்னிக்கு யார் ஓட்டுனாங்க, யார் ஓடுனாங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. கோர்ட்டுக்கு வரமாட்டேன். உடம்பு சரியில்லைன்னு சர்ட்டிபிகேட் குடுத்துர்றேன். என்னை விட்டுருங்க. தனியா இருக்கறவ, விட்டுருங்க."

அழுதுகொண்டே சொன்னேன். அந்தப் பக்கம் நெடுநேரம் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. எதிராளி வைக்காமல் ஆபரேட்டர் லைனை எடுப்பதில்லை, பழைய பழக்கம். ஐந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் டொக்.

போன உயிர் திரும்பி வரவா போகிறது? டிரைவரோ முதலாளி மகனோ, யார் ஜெயிலுக்குப் போனால் மேகலா எழுந்து வருவாள்? நான் உயிரோடு இருக்க வேண்டாமா? ஊரில் எத்தனையோ பேர் சாட்சி மாறுகிறார்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்களா என்ன?


ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தெருவெல்லாம் தேங்காய் சுடும் வாசனை. பூங்கோதை வீட்டிலிருந்து வெல்லமும் எள்ளும் போட்ட சுட்ட தேங்காய் இரண்டு கீற்று வந்தது.

போன் வரவில்லை.

சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். இவ்வளவுதான் விஷயம். முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை நாள் பகலில் கதவைத் தாழிட்டிருக்க வேண்டாம். தேங்காயை மட்டும் தட்டோடு மூடி வைத்துவிட்டேன்.


ஜூலை 18, வியாழன்

வரவில்லை. டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம் என்று சர்ட்டிபிகேட் வாங்கினேன். பொய் இல்லை, நிஜமாகவே நூற்று எழுபது இருந்தது.


ஜூலை 19, வெள்ளி

வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை கோவைக்கு வந்து பத்து நாள் இருப்பதாகச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சூட்கேஸை இறக்கித் துடைத்தேன். புடவை எடுக்கும்போது அடியிலிருந்து சம்மன் வந்தது. அதைத் திரும்ப அங்கேயே வைத்தேன்.


ஜூலை 20, சனி

பதினொரு மணிக்கு போன் அடித்தது. ஒன்றேகால் இல்லை, நேரம் மாறி வந்திருக்கிறது. எடுத்தேன். அதே மௌனம்.

"அதான் வரமாட்டேன்னு சொல்லிட்டேனே! இன்னும் என்னடா வேணும் உங்களுக்கு?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

இரண்டு நிமிஷத்தில் பூங்கோதை செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, உங்க கோயமுத்தூர் அக்கா லைன்ல இருக்காங்க. பயந்துபோயிருக்காங்க."

வத்சலா அக்கா மூச்சு வாங்கினாள். "ஏண்டி சுலோசனா, எந்த பஸ்ஸுன்னு கேக்கக் கூப்பிட்டா 'என்னடா வேணும்'ங்கறே? என்ன ஆச்சு உனக்கு?"

"இப்ப கூப்பிட்டது நீயா?"

"நான்தான். தொண்டை கிழியக் கத்தறேன், நீ பாட்டுக்குத் திட்டறே."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையேக்கா."

"நீ பேசுனது எனக்கு நல்லாக் கேட்டுச்சே. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சே!"

செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். பூங்கோதை தண்ணீர் கொண்டுவந்தாள். லைனில் கோளாறாக இருக்கும் அக்கா என்றாள். எனக்கு இந்தப் பயம் புதிதாக இருந்தது. செங்கோடனை நினைத்தால் வருகிற பயம் இல்லை இது.

துரைராசுவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.


ஜூலை 21, ஞாயிறு

துரைராசு வந்தார். ஊசித்துளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதை அமுக்கினீங்களாக்கும்?"

"ஹேர்பின்னால."

"அட, போங்கம்மா! இத அமுக்கினா நான் உள்ள போட்டு வெச்சதெல்லாம் அழிஞ்சு போயிருமுங்க."

"டயல் டோன் வந்துதே. நான் கூப்பிட்டா எல்லாருக்கும் நல்லாக் கேட்டுதே."

"கேக்கும்ங்க. நீங்க கூப்பிட்டா உள்ள இருந்து கதவைத் தொறந்துட்டுப் போறீங்க, அதே வழியில அவுங்க கொரலும் வந்துருது. வெளிய இருந்து வந்தா அப்படியில்லீங்க. மணி மட்டும் உள்ள வருது. அவுங்க பேசறத வாசல்லயே நிறுத்திப்போடுது. நீங்க பேசறது மட்டும் நல்லாப் போயிரும்."

"ஒரு பக்கம் மட்டும் எப்படிப் போகும்? கம்பி ஒண்ணுதானே?"

"அது உங்க செம்புக் கம்பியிலீங்க. இதுல போற கொரலு தனி, வர்ற கொரலு தனி."

முப்பத்தோரு வருஷப் பாடம் ஒரு வரியில் முடிந்துவிட்டது.

அவருடைய செல்போனில் எதையோ தட்டி அரை மணி நேரத்தில் சரிசெய்தார். அங்கிருந்தே என் நம்பருக்கு அடித்துக் காட்டினார், குரல் கேட்டது. இந்தப் பெட்டிக்கு யார் யார் கூப்பிட்டார்கள் என்று அதில் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று நீட்டினார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்பதாம் தேதி, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அப்புறம் பதினாறு. நேற்று அக்கா கூப்பிட்டதைத் தவிர எல்லாம் ஒன்றேகால். எல்லாம் ஒரே நம்பர்.

எனக்கு நம்பர் மறக்காது. முகம் மறக்கும், பெயர் மறக்கும், போட்ட நம்பர் மறக்காது. முடிவில் நாற்பத்தேழு பதினொன்று. அந்த நம்பரை நான் ஒரே ஒரு தடவை, போன வருஷம் பிப்ரவரியில், இதே போனில் போட்டேன். தரையில் கிடந்து மேகலா சொன்ன, அவள் அப்பாவின் நம்பர்.

"தெரிஞ்சவுங்களுங்களா?" என்று துரைராசு கேட்டார்.

"ம்" என்றேன்.

பதினாறாம் தேதி நான் சொன்னது மாரப்பனுக்குப் போயிருக்கிறது. ஒரு சொல் விடாமல். அது போகட்டும். பன்னிரண்டாம் தேதி சொன்னது... அதை இங்கே மறுபடி எழுதமாட்டேன்.


ஜூலை 22, திங்கள்

எட்டரை மணி கோவை பஸ்ஸை விட்டேன். பத்தரை பஸ்ஸையும் விட்டேன்.

காலையிலிருந்து ஏழு தடவை ரிசீவரை எடுத்து வைத்துவிட்டேன். எத்தனை ஆயிரம் பேருக்கு எத்தனை ஆயிரம் நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பத்து எண்ணைப் போட விரல் வரவில்லை. செங்கோடனைவிட மாரப்பன்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறார். அடிப்பார் என்று இல்லை. திட்டமாட்டார் என்றுதான்.

ஒன்றேகாலுக்கு போன் அடிக்கவில்லை. ஒன்று இருபதுக்கு நானே போட்டேன்.

"அலோ."

"சுலோசனா பேசறேங்க. தாராபுரத்துல இருந்து."

"அம்மாங்களா!" பின்னால் தறிச்சத்தம் இருந்தது. எங்கோ தள்ளிப்போய் நின்றார், சத்தம் குறைந்தது. "நல்லாருக்கறீங்களா? இப்ப நாம் பேசறது கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க. இப்பத்தான் கேக்குது. அன்னிக்கு எல்லாம் எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. பொட்டியில கோளாறு. நீங்கன்னு தெரியாம, அவனுங்கன்னு நெனச்சு... அந்தப் பொட்டப்புள்ள வார்த்தை..."

"தெரியுதுங்க. மொதல்ல உங்களுக்குக் காது மந்தமாயிருச்சோன்னு நெனச்சனுங்க."

என் காதைப் பற்றி யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எதுக்குக் கூப்பிட்டீங்க, அத்தனை நாளும்?"

"வக்கீலு உங்களை முந்தின நாளே பாக்கோணும்னாருங்க. அதச் சொல்லத்தான். அப்பறம், தனியா வரவேண்டாமுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லலாம்னு. நீங்க வரலீன்னதும் கூப்பிடறத நிறுத்திப்போட்டனுங்க. வற்புறுத்தக் கூடாதில்லீங்களா?"

அவரே தொடர்ந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? அன்னைக்கு நீங்க போனைக் கீழ போட்டுட்டு ஓடினீங்க. லைனு கட்டாகலீங்க. நான் பஸ்ஸு ஏறி, கட்டாகற வரைக்கும் காதுலயே வெச்சிருந்தேன். நீங்க மேகலாகிட்டச் சொன்னது அத்தனையும் கேட்டனுங்க. 'நான் இருக்கேன் கண்ணு, பயப்படாதே. உங்கப்பா வந்துட்டே இருக்கார், பயப்படாதே'ன்னு. திருப்பித் திருப்பி அதையே சொன்னீங்க. எம்பொண்ணு தனியாப் போகலீங்கம்மா. அது போதுமுங்க எனக்கு. நாளைக்கு நீங்க வந்தாலுஞ் சரி, வராட்டியுஞ் சரி. பயப்படாதீங்க."

எனக்கு நினைவில்லாததை அவர் ஒன்றரை வருஷமாகக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"எட்டரைக்கு வாங்க" என்றேன். "வாசல்லயே நிக்கறேன்."

சர்ட்டிபிகேட்டைக் கிழித்து அடுப்படிக் கூடையில் போட்டேன். சம்மனை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். செங்கோடனின் சாத்துக்குடிப் பையைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். அழுகி நாறத் தொடங்கிவிட்டது.

வக்கீல் வீட்டுக்குச் சாயங்காலம் போய்வந்தேன். பயம் போகவில்லை. கொஞ்சமும் போகவில்லை.


ஜூலை 23, செவ்வாய்

காலை எட்டு. காற்று பலமாக இருக்கிறது. மாரப்பன் அரை மணி முன்னதாகவே வந்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். மெலிந்த மனிதர், புதிதாய்ச் சலவை செய்த சட்டை. பெட்டியில் நாலு விளக்கும் எரிகின்றன. அணைக்காமல் போகிறேன்.

மாலை ஐந்து. லாரியிலிருந்து இறங்கி ஓடியவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார்கள். இருக்கிறார் என்றேன். காட்டச் சொன்னார்கள். தீபன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அன்றைக்குப் போலவே. கை நீட்டிக் காட்டினேன். அவர்கள் எழுதி முடிக்கும்வரை இறக்காமல் நீட்டியபடியே வைத்திருந்தேன்.

கோர்ட்டுப் படி இறங்கும்போது செங்கோடன் கார்மேல் சாய்ந்து நின்றிருந்தான். "போன் பண்றேனுங்க" என்றான்.

கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பூங்கோதை இன்று ராத்திரி இங்கே படுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மணி அடிக்கிறது. மாரப்பனாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், அவனாகவும் இருக்கலாம். இப்போது இரண்டு பக்கமும் கேட்கும். எடுக்கப் போகிறேன்.